யூட் அண்ணை இறுக்கிய ஹவாய்க் கிற்றார்

அன்று மாலை எங்கள் வீட்டு ஹோலில் இருந்தவர்கள் இவர்கள்: மேசையில் வெள்ளைத் துணி விரித்து, இரண்டு மெழுகுதிரிகளுக்கு நடுவில் வைத்த மாதா சொரூபம். அந்த மாதாவைத் தன் காரின் முன் சீற்றில் பெல்ற் போட்டுக் கூட்டிவந்த ஸ்ரெல்லா அன்ரி. செபமாலையின் இரண்டாவது தேவ இரகசியத்திலேயே தூங்கித் தலை தொங்கிப்போன அவருடைய கணவர் மரியதாஸ் அங்கிள். கோயில் பாடகர் குழுவில் கிற்றார் வாசிக்கும் யூட் அண்ணை. என் கணவர் சேவியர். செபப் புத்தகத்துக்குள் ஃபோனை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் மகள் ஷெரின். அவ்வளவுதான். நான் அந்தக் கணக்கில் இல்லை. பிரார்த்தனை முடிகிற நேரம் மெல்ல எழுந்து குசினிக்குள் போய் றோல்ஸ் பொரிக்கத் தொடங்கியிருந்தேன்.

நான் ஹோலில் இருந்திருந்தால் இந்த அத்தியாயமே இல்லை.

ஒக்டோபர் மாதம் எங்கள் மாதா வீடு வீடாகப் போவா. ஒரு வீட்டில் சில நாள் தங்குவா. அந்த வீட்டில் செபமாலை, பாட்டு, பிறகு சிற்றுண்டி. அது முடிய அடுத்த வீடு. சிட்னியில் மன்னார்ச் சனமும் யாழ்ப்பாணச் சனமும் சண்டை பிடிக்காமல் சேர்ந்து செய்கிற சில காரியங்களில் இதுவும் ஒன்று. அந்த முறை பெண்டில் ஹில்லில் எங்கள் வீட்டு வாசலுக்கு மாதா வந்தபோது, மரியதாஸ் அங்கிளின் சப்பாத்தில், தெருவில் கொட்டிக் கிடந்த ஊதா ஜக்கரண்டாப் பூ ஒட்டிக்கொண்டு வந்தது. அவர் வழுக்கி விழுந்துவிடுவாரோ என்று நான் செபமாலை முழுவதும் அந்தச் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைப் பற்றி இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

பூனையின் சத்தம்

முதல் ஐந்து றோல்ஸைச் சட்டியில் போட்டிருப்பேன். ஹோலில் ஒரு சத்தம். பூனை ஒன்றை யாரோ வாலில் பிடித்து மெல்ல மெல்லத் தூக்குவதுபோல, கீழேயிருந்து மேலே ஏறிக்கொண்டு போகிற சத்தம். நின்றது. மறுபடி இன்னொரு பூனை.

அது கிற்றார்க் கம்பியை இறுக்குகிற சத்தம் என்று எனக்கு விளங்க இரண்டு பூனை எடுத்தது. எங்கள் வீட்டில் ஒரேயொரு கிற்றார்தான் இருந்தது. அதுவும் எங்களுடையதல்ல.

எண்ணெய் சொட்டுகிற கரண்டியோடு ஓடினேன். யூட் அண்ணை அன்று வேலையால் நேரே வந்தவர், தன் கிற்றாரைக் கொண்டுவரவில்லை. கிற்றார் இல்லாமல் மாதாப் பாட்டு எப்படி என்று அவர் யோசிக்க, என் கணவர் தாராள மனத்தோடு அறைக்குள் போய், கதவுக்குப் பின்னால் நான் குளிர்கோட்டு போட்டு மூடி வைத்திருந்த கிற்றாரை எடுத்துவந்து கொடுத்துவிட்டார்.

"என்ன பிலோ, கம்பி எல்லாம் தொங்கிப்போய்க் கிடக்குது? ஆரும் கவனிக்கிறேல்லையோ? நான் வடிவாச் சரிப்பண்ணிப் போட்டன்," என்றார் யூட் அண்ணை, மடியில் ஃபோனை வைத்து, சுருதி சரியானால் அதில் பச்சை விளக்கு எரிவதைப் பார்த்துக்கொண்டே.

ஆறாவது கம்பியும் பச்சைக்கு வந்துவிட்டது.

பாடினார்கள். நல்லாகத்தான் பாடினார்கள். மாதாவுக்கு முன்னால் நின்று நான் என்ன சொல்ல? றோல்ஸ் கருகிய மணம் வந்ததும் அன்ரிதான் ஓடிப்போய் அடுப்பை நிறுத்தினா.

ஜெலியும் புவாவும்

அந்தக் கிற்றார் புவாவுடையது. புவா யார் என்று சொன்னால்தான் நான் ஏன் கரண்டியோடு ஓடினேன் என்று உங்களுக்கு விளங்கும்.

நான் பரமட்டாப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரிக் குசினியில் வேலை. ஓடுகிற பட்டியில் நோயாளருக்கான தட்டங்கள் வரும். என் இடத்தில் ஜெலி வைக்கவேண்டும். சீனி உள்ள ஜெலியும் சீனி இல்லாத ஜெலியும் ஒரே சிவப்பு. மாறி வைத்துவிட்டேனோ என்ற பயத்தில் வீட்டுக்கு வந்தபிறகும் யாரோ ஒரு நீரிழிவுக்காரரை நினைத்துக்கொண்டிருப்பேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள். எங்கள் பள்ளிக்கூடம் அகதி முகாம் ஆனது. முகாம் மறுபடி பள்ளிக்கூடம் ஆனபோது நான் தையல் கடையில் இருந்தேன். ஆகையால் மற்றவர்களுக்கு நிச்சயமாகத் தெரிந்த எதுவும் எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும் என்று ஒரு எண்ணம் எப்போதும் உள்ளுக்குள் இருக்கும்.

கவலைக்கு இன்னொரு காரணமும் உண்டு. சேவியர் எனக்கு முன்னரே இந்த நாட்டுக்கு வந்து, நெடுங்காலம் வில்லாவுட் தடுப்பு முகாமில் இருந்தவர். நான் மன்னாரில் தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்தேன். அடித்தால் பயம், அடிக்காவிட்டாலும் பயம். பிறகு அவர் வெளியே வந்து, நானும் இங்கே வந்து, ஷெரினும் பிறந்து எல்லாம் சரியாகிவிட்டது. பயத்துக்கு மட்டும் யாரும் அதைச் சொல்லவில்லை.

புவா அதே குசினியில் தட்டுக் கழுவும் பக்கம். ஹவாயில் பிறந்து, ஓர் ஒஸ்ரேலியக்காரரைக் கட்டி இங்கே வந்தவ. என் வயதுதான் இருக்கும். பெரிய தோள், சின்னக் குரல். தண்ணீர் இரைச்சலுக்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருப்பா. ஒருநாள் ஜெலி பற்றிய என் கவலையை அவவிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வா என்றா. ஜெலிக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கவில்லை. வெறுங்கையோடு போகக்கூடாதே என்று பற்றிஸ் பொரித்துக்கொண்டு போனேன்.

கராஜ் சட்டம்

மெரிலண்ட்ஸில் அவ வீட்டு கராஜ். காரை வெளியே விட்டு, உள்ளே வட்டமாகக் கதிரைகள். சலவை மெஷின் ஒரு மூலையில் ஓடிக்கொண்டிருக்கும். மாதத்தில் ஒரு ஞாயிறு, ஹவாய்க்காரரும் அவர்களுக்குத் தெரிந்தவர்களுமாகச் சிலர் கூடி வாசிப்பார்கள். அதற்குக் கனிகாபிலா என்று பெயராம்.

நான் பற்றிஸைக் கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றேன். அங்கே அது முடியாது. வட்டத்துக்குள் வந்தவர் எதையாவது வாசிக்க வேண்டும். பார்க்க வந்தவர் என்று ஒரு சாதி அங்கே கிடையாது. புவா ஒரு கிற்றாரை என் மடியில் வைத்து, என் பெருவிரலைப் பிடித்துக் கம்பிகளின் மேலிருந்து கீழே ஒருதரம் இழுத்தா.

நான் ஒரு விரலும் எங்கும் வைக்கவில்லை. எதையும் அழுத்தவில்லை. ஆனாலும் வந்த சத்தம் முழுதாக இருந்தது.

சாதாரணக் கிற்றாரில் இப்படி இழுத்தால் ஆறு கம்பியும் ஆறு பக்கம் பார்க்கும். இடதுகை அழுத்தினால்தான் ஒன்றுசேரும். இவர்கள் சில கம்பிகளைத் தளர்த்திவிடுகிறார்கள். தளர்ந்தபிறகு அவை தாமாகவே ஒரே குடும்பமாகப் பேசுகின்றன. பெருவிரல் தடித்த கம்பிகளில் நடை நடக்கும், மற்ற விரல்கள் மெல்லிய கம்பிகளில் பாட்டை எடுக்கும். ஒரே ஆள் வாசிக்க, இரண்டுபேர் வாசிப்பதுபோலக் கேட்கும்.

நான் திரும்பத் திரும்ப இழுத்தேன். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. என் ஒரே சத்தத்தைச் சுற்றி அவர்கள் பாடினார்கள். அவர்கள் ஊரில் ஒவ்வொரு பள்ளத்தாக்கின் மழைக்கும் தனித்தனிப் பெயர் உண்டாம்; அந்தப் பாட்டு ஒரு மழையைப் பற்றியதாம். திரும்பி ரயிலில் வரும்போது, வாசலைப் பூட்டினேனா என்று நான் யோசிக்கவே இல்லை என்பது பெண்டில் ஹில் வந்தபிறகுதான் நினைவுக்கு வந்தது. உடனே யோசித்தேன், அது வேறு.

அதன்பிறகு ஒரு ஞாயிறும் விடவில்லை.

இரும்புத் துண்டு எங்கே?

வீட்டில் சொன்னபோது சேவியர் கேட்ட முதல் கேள்வி, "எங்க இரும்புத் துண்டு?" ஹவாயன் கிற்றார் என்றால் மடியில் படுக்கவைத்து, மேலே இரும்புத் துண்டை வழுக்கி வாசிப்பது என்று எங்கள் ஆட்களுக்கு ஒரு முடிவு. பழைய வானொலி செய்த வேலை. அதுவும் அவர்களுடையதுதான், இது வேறு, இது மற்றக் கிற்றார்போல நிமிர்த்திப் பிடித்து வாசிப்பது என்று விளங்கப்படுத்தினேன். "அப்ப இரும்பு இல்லையோ," என்றார், ஏமாற்றப்பட்டவர்போல.

ஸ்ரெல்லா அன்ரிக்கு விஷயம் எட்டியது. கோயில் வாசலில் வைத்து, எல்லாரும் கேட்க, "பிலோ, வாற வருசம் ஒளிவிழாவுக்குப் புல்லுப் பாவாடையோடயே வரப்போறாய்?" என்றா. அன்ரியின் அளவுக்குப் புல்லு கிடைக்காது என்ற பதில், வழக்கம்போல, கார் ஓடத் தொடங்கியபிறகுதான் எனக்கு வந்தது.

வீட்டுச் சுருதி

இப்போது நான் கரண்டியோடு ஓடிய காரணம்.

எந்தக் கம்பியை எவ்வளவு தளர்த்துவது என்பது அந்த ஊரில் முன்னர் வீட்டுக்கு வீடு வேறாம். அதை வெளியே சொல்லமாட்டார்களாம். பாட்டு எல்லாருக்கும், சுருதி வீட்டுக்கு. புவாவின் அப்பா பிறர் வீட்டில் வாசித்து முடித்தால், கிற்றாரைக் கீழே வைக்கமுன் எல்லாக் கம்பியையும் தாறுமாறாக்கிவிட்டுத்தான் எழும்புவாராம், வேறு யாரும் எடுத்துப் பார்த்துக் கண்டுபிடிக்காமல். இன்ன கம்பிக்கு இன்ன பெயர் என்று மகளுக்குக்கூட அவர் சொன்னதில்லை. பக்கத்தில் இருத்தி, காதால் கேட்க வைத்ததுதான்.

தங்கையின் மகள் கல்யாணத்துக்குப் புவா ஹவாய்க்குப் புறப்பட்டபோது, தன்னிடமிருந்த இரண்டு கிற்றாரில் ஒன்றை என்னிடம் தந்தா. பரமட்டாவில் பழைய சாமான் கடையில் வாங்கியது, பெரிய விலை இல்லை. ஆனால் அப்பாவின் சுருதியைக் கலைக்காமலே தந்தா. "திரும்பி வரும்வரைக்கும் இப்பிடியே வைச்சிரு," என்றா. அவவுக்கு ஆங்கிலம், எனக்கு உடைந்த ஆங்கிலம். இரண்டையும் இங்கே என் தமிழில்தான் தருகிறேன்.

வட்டத்தில் பலவருடம் இருந்தவர்களுக்கும் கொடுக்காததை எனக்குக் கொடுத்தா. அதைத்தான் யூட் அண்ணை ஃபோனின் பச்சை விளக்குக்கு இறுக்கிவிட்டார். புவா வந்து ஒருதரம் இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அதோடு அந்த கராஜ் எனக்கு முடிந்தது என்று நினைத்தேன். கவலைப்படாமல் என்னால் இருக்க முடிந்த ஒரே இடம் அது.

"ஒரு கோல் எடுத்துச் சொல்லன்," என்றார் சேவியர். கல்யாண வீட்டுக்கு எப்படி எடுப்பது? எடுத்தாலும், காதால் மட்டும் வந்த ஒன்றை அவ எப்படி வாயால் சொல்லுவா? செய்தி எழுதினேன், அழித்தேன். "மம், ஜஸ்ற் ரெல் ஹேர்," என்றாள் ஷெரின். அவளுக்கு எல்லாமே ஜஸ்ற்.

விரல் போகிற இடம்

யூட் அண்ணை நல்ல மனிதர். விஷயம் தெரிந்ததும் அடுத்தநாளே வந்து நின்றார், முகம் வெளிறி.

"பிலோ, என்னென்ன நோட் எண்டு மட்டும் சொல்லுங்கோ. அஞ்சு நிமிசத்தில திருப்பி வைச்சிடுறன்."

"எனக்கு நோட் தெரியாது அண்ணை."

"ஒண்டுமோ?"

"ஒண்டும்."

நாங்கள் இருவரும் கிற்றாரைப் பார்த்துக்கொண்டு சோபாவில் இருந்தோம், ஆஸ்பத்திரியில் டொக்டருக்குக் காத்திருப்பவர்கள்போல. மாதாவும் இன்னும் எங்கள் வீட்டில்தான்.

கராஜில் புவாவிடம் பழகியதில் எனக்கு இரண்டு பாட்டுத் தெரியும். மழைப் பாட்டு ஒன்று, குழந்தையைத் தூங்கவைக்கிற பாட்டு ஒன்று. சும்மா மழைப் பாட்டை வாசித்துப் பார்த்தேன். விரல்கள் பழகிய இடத்துக்கே போயின. வந்ததோ குரங்குச் சத்தம். இரண்டாந்தரமும் அதே. மூன்றாந்தரம் அந்தக் குரங்குச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஒன்று விளங்கியது. பாட்டு எனக்குத் தெரியும். விரல் போகிற இடமும் தெரியும். அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, பாட்டுக்குரிய சத்தம் வரும்வரை கம்பியைத் தளர்த்தினால் சரிதானே?

யூட் அண்ணையிடம் சொன்னேன். அவர் ஃபோனைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு, "திருகுங்கோ," என்றார்.

மெல்லிய கம்பி முதலில் வந்தது. அது வந்ததும் அடுத்தது எவ்வளவு தூரத்தில் இருக்கவேண்டும் என்று காதுக்குத் தெரிந்தது. ஆனால் அன்றைக்கே முடியவில்லை. வேலைக்குப் போய் வந்து, சமைத்துவிட்டு, யன்னலோரம் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக. சில நாள் ஒரு கம்பிக்குள் இறங்கிவிட்டால், திருகுவதை மறந்து அந்த ஒரு கம்பியிலேயே பாட்டின் ஒரு வளைவைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருப்பேன். அடித்து எழுப்பிய ஒரு சத்தம், விரலை மட்டும் தட்டினால் இன்னொரு சத்தமாக மாறி, அணையாமல் போகும். அது ஏன் அவ்வளவு சந்தோசம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அதுவரை நான் புவாவோடு இருக்கப் போனேன், கவலையை மறக்கப் போனேன் என்றுதான் நினைத்திருந்தேன். அந்தக் கிழமைதான், புவா இல்லாமலும் கராஜ் இல்லாமலும் எனக்கு இது வேணும் என்று தெரிந்தது. ஒருநாள் சேவியர் வந்து பார்த்து, சோறு அடிப்பிடித்த மணம் வருகிறதே, உனக்கு வரவில்லையா என்று கேட்டார். வரவில்லை.

ஐந்து கம்பி வந்துவிட்டது.

தடித்தது

ஆறாவதுதான் வில்லங்கம். ஆகத் தடித்த, ஆக மேலே இருக்கிற கம்பி. என் பெருவிரல் கட்டை. இரண்டு பாட்டிலும் அந்தக் கம்பியை எட்டி எட்டித் தொட்டிருப்பேன், பாதி நேரம் தொடாமலே விட்டிருப்பேன். அதில் இடதுகை விரல் வைத்ததே இல்லை. விரலுக்கு நினைவில்லாத கம்பியை எங்கே நிறுத்துவது?

யூட் அண்ணை ஓர் இடம் சொன்னார். பொருத்தமான, ஒழுங்கான இடம். பிழையில்லை. ஆனால் எனக்குக் கதிரை நுனியில் இருப்பதுபோல இருந்தது. இன்னும் கீழே என்றேன். "பிலோ, இனி இறக்கினால் அது கம்பியில்லை, உடுப்புக் காயப்போடுற கயிறு," என்றார். இன்னும் கொஞ்சம் இறக்கினேன். ஓரிடத்தில் அடித்ததும் கிற்றாரின் வயிறு என் வயிற்றில் அதிர்ந்தது. அங்கேயே விட்டேன். சரியென்று விடவில்லை, எனக்குப் பிடித்தது என்று விட்டேன். நான் ஒன்றை அப்படி விடுவது வழக்கமில்லை.

ஞாயிறு

புவா வந்திறங்கிய அடுத்த ஞாயிறு மெரிலண்ட்ஸ் போனோம். யூட் அண்ணையும் கூட வந்தார். பழியைத் தான் ஏற்கவேண்டும் என்று ஒரே பிடி. ரயில் முழுக்க ஆங்கிலத்தில் மன்னிப்பை ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தார்.

அவருக்கு வாய் திறக்க இடம் கிடைக்கவில்லை. வட்டம் கூடமுன்பே புவா கிற்றாரை வாங்கி மடியில் வைத்து, மேலிருந்து கீழே இழுத்தா. நிமிர்ந்து என்னைப் பார்த்தா. நான் மாதா வந்தது, றோல்ஸ், பச்சை விளக்கு, சேவியர், எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினேன்.

"திருப்பி வைச்சது யார்?" என்று மட்டும் கேட்டா.

"நான்தான்."

புவா தன் அப்பாவின் பாட்டு ஒன்றை வாசிக்கத் தொடங்கினா. நான் அறியாத பாட்டு. பெருவிரல் தடித்த கம்பிக்கு வந்த இடத்தில் நின்றது. மறுபடி முதலிலிருந்து. மறுபடி அதே இடம்.

"இந்த அஞ்சும் அப்பாவின்ர," என்றா. "இது யாற்ற?"

என் கை தானாக முறுக்காணிக்குப் போனது. மாத்துறன், இப்பவே மாத்துறன் என்றேன். அவ என் கையைத் தட்டிவிட்டா, கொஞ்சம் பலமாகவே.

"தொடாத. கேட்டது அதுக்கில்லை."

பிறகு கிற்றாரை என்னிடம் தந்து, நீ வாசி என்றா. மழைப் பாட்டை வாசித்தேன். கட்டைப் பெருவிரலை எட்டவைத்து அந்தத் தடித்த கம்பியை ஒவ்வொரு முறையும் தொட்டேன். இரண்டாம் சுற்றில் புவா பாடினா. யூட் அண்ணை, மன்னிப்பை மறந்து, யாரோ கொடுத்த சுரைக்குடுவையைக் குலுக்கிக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் புவா சொன்னா, இது இனித் தன் வீட்டுக் கிற்றார் இல்லையாம். அப்பாவின் சுருதி தன் மற்றக் கிற்றாரில் இருக்கிறதாம். இதில் இருப்பது உன் வீட்டுச் சுருதி. சும்மா தரமாட்டேன், வாங்கிக்கொள். கம்பிகளைத் தாறுமாறாக்கிவிட்டு எடுத்துப் போ என்றா.

நான் அங்கேயே ஆறு முறுக்காணியையும் கண்டபாட்டுக்குத் திருகினேன்.

"எனக்குமோ மறைக்கிறியள்?" என்றார் யூட் அண்ணை.

"உங்களுக்குத்தான் அண்ணை முதல்ல."

விலை நானூறு டொலர் என்றா. பில் வந்த அன்றே கட்டிவிட்டுப் படுக்கிறவள் நான். ஒருவருக்கும் ஒரு சதம் கடன் வைத்ததில்லை. உடனே எழுந்தேன், மூலைக் கடை மெஷினில் காசு எடுத்து வருகிறேன் என்று. புவா என்னைக் கதிரையில் இருத்தினா. ஒருமிக்க வாங்கமாட்டாவாம். வந்து வட்டத்தில் வாசிக்கிற ஒவ்வொரு ஞாயிறும் இருபது டொலர். வராத ஞாயிறுக்குக் காசும் இல்லை, கழிவும் இல்லை. முழுவதும் முடியும்வரை நீ வரத்தானே வேணும் என்றா.

அடுத்தமுறை நான் முழுக் காசையும் கடித உறையில் போட்டுக்கொண்டுதான் போனேன். அவ ஒரு இருபது டொலர்த் தாளை மட்டும் இழுத்து எடுத்துவிட்டு உறையை என் பைக்குள் திணித்தா. போன மாதம் ஷெரினுக்குப் பரீட்சை என்று போகவில்லை. அது கணக்கில் சேரவில்லை. கடன் இருக்கிற வீட்டில் எனக்கு நித்திரை வராது என்று சேவியர் பார்த்துக்கொண்டிருக்கிறார். வருகிறது.

நேற்றோடு மூன்று ஞாயிறு. புவாவுக்கு நான் இன்னும் கொடுக்கவேண்டியது முந்நூற்று நாற்பது டொலர்.